மூலிகை எண்ணெய் என்று சொல்லி 14,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள். வன்னிச் சனங்கள் கவனம்!

கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அவர்கள் நாளைக்கு இன்னொருவரிடம் கை வைப்பார்கள். சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து, வீட்டில் காய்ச்சிய மூலிகை எண்ணெய் விற்கிறோம் என்று சொல்கிற ஆட்கள் என்னிடம் 14,500 ரூபாய் வாங்கி, கையில் பூசவே கூடாத ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். நடந்ததையும், நல்ல எண்ணெயை எப்படிப் பார்த்து வாங்குவது, வீட்டிலேயே எப்படிச் செய்துகொள்வது என்பதையும் விரிவாக எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

வாங்கியது அம்மாவுக்காக. பெரும்போக வெட்டு முடிந்த கையோடு அவவுக்கு எப்போதும் இந்தக் கரைச்சல்தான். நெல்லுச் சுணை பட்டுக் கையெல்லாம் சொறி, குதிகால் வெடிப்பு, கால் உளைவில் இரவு நித்திரை இல்லை. முன்பு எங்கள் வளவில் இலுப்பை நின்றது. அம்மம்மா செவ்வரத்தம்பூ, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி எல்லாம் நிழலில் உலர்த்தி எண்ணெய் காய்ச்சுவா. படுக்கப் போகும்போது இளஞ்சூட்டில் காலுக்குத் தேய்த்துவிட்டால் அம்மா அப்படியே கண்ணயர்ந்து விடுவா. 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்து பார்த்தபோது இலுப்பையும் இல்லை, அம்மம்மாவும் இல்லை. வேலைக்குப் போகிற எனக்கு அடுப்படியில் நின்று காய்ச்ச நேரமும் இல்லை.

அந்த நேரத்தில்தான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. மண்சட்டியில் எண்ணெய் கொதிக்கிற படம், சுளகில் காய்கிற ஆவரசம்பூ, வெட்டிவேர்க் கட்டு. முகத்துக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று மூன்று போத்தல் சேர்ந்த பெட்டி 14,500 ரூபாய். விலை கூடத்தான். அதனால் உடனே வாங்கவில்லை, கேள்விக்கு மேல் கேள்வி கேட்டேன். எந்த எண்ணெயில் ஊற வைக்கிறீர்கள் என்றதற்கு "சுத்தமான செக்குத் தேங்காயெண்ணெய் அக்கா, வேற ஒண்டும் கலக்கிறேல்ல" என்று எழுத்திலேயே பதில் வந்தது. அந்தப் பதிலைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. நான் நம்பியது அந்த இடத்தில்தான். ஒரு பெண் பிள்ளை, எங்கள் ஊர்ப் பேச்சு. "அக்கா, நாங்களும் வன்னிப் பிள்ளையள்தான். புருசன்மாரை இழந்த அம்மாமார் ஏழெட்டுப் பேர் சேர்ந்து காய்ச்சினம். நீங்கள் ஒரு பெட்டி எடுத்தா ஒரு வீட்டில உலை கொதிக்கும்." பின்னால் கோழி கொக்கரிக்கிற சத்தம் கூடக் கேட்டது. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி மூன்று வீடு இருக்கிறது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு விலை பேச எனக்கு மனம் வரவில்லை. பொருள் வந்ததும் காசு தரலாமா என்று மட்டும் கேட்டேன். "ஓடருக்குத்தான் அக்கா காய்ச்சிறது, முழுக்காசும் வந்தால்தான் மூலிகை வாங்கலாம்" என்றார்கள். கிளிநொச்சி டவுனில் வங்கி மெசினில் காசைப் போட்டு, துண்டையும் அனுப்பினேன். நெல்லு வித்த காசு, 14,500 ரூபாய்.

பெட்டி சொன்ன நாளைக்கு வரவில்லை. வந்தபோது போத்தலைச் சுற்றி எண்ணெய் கசிந்து மட்டை ஊறிப்போய் இருந்தது. லேபிளில் ஒரு இலைப்படமும் "100% இயற்கை" என்ற எழுத்தும் மட்டும்தான். செய்த திகதி இல்லை, முடிவுத் திகதி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, விலாசம் இல்லை. உடம்புக்குப் பூசுகிற எண்ணெய் கிளிப்பச்சை நிறம். மூடியைத் திறந்தால் இலை மணம் இல்லை, மலிவு சென்ட் மணம். தலைக்கு வைக்கிற போத்தலின் அடியில் கறிவேப்பிலை ஒன்று கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இலையின் ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம். பச்சை இலையை ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் இப்படித்தான் ஆகும்.

இதையெல்லாம் நான் வேலையால் வந்த பிறகுதான் பார்த்தேன். பெட்டி பகலே வந்து, அம்மா ஆசையோடு உடம்பு எண்ணெயை எடுத்துக் கையிலும் கழுத்திலும் பூசிவிட்டா. விடிய எழும்பும்போது பூசிய இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, அந்த எண்ணெயை இனித் தொடவே வேண்டாம் என்று சொல்லி மருந்து தந்தார். இப்போது தணிந்துவிட்டது. ஆனாலும் அம்மா நான் காசு செலவழித்துவிட்டேன் என்று எனக்காகக் கவலைப்படுகிறா. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

எண்ணெயில் சந்தேகம் வந்ததும் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி பிரிட்ஜில் வைத்தேன். பக்கத்தில் எங்கள் சமையல் தேங்காயெண்ணெயும் ஒரு கிண்ணம். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும், மார்கழிப் பனிக்கே போத்தலுக்குள் கட்டியாகி நிற்பதை நாங்கள் காணாததா? மூலிகை ஊறினாலும் அந்தக் குணம் போகாது. காலையில் எங்கள் எண்ணெய் வெள்ளைக் கட்டி. அவர்களுடையது தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாது, சுத்தமான தேங்காயெண்ணெய் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இரண்டு கிண்ணத்தையும் படமெடுத்து, அம்மாவின் கையையும் படமெடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "அது உடம்பில இருக்கிற நஞ்சு வெளிய வருது அக்கா, தொடர்ந்து பூசச் சொல்லுங்கோ." தடித்துச் சிவந்த கைக்கு இன்னும் பூசச் சொல்கிற மனம் எப்படி வரும்? தோல் சிவந்து கடித்தால் அது ஒவ்வாமையோ எரிச்சலோதான், நஞ்சு இறங்குவது இல்லை. இந்தப் பேச்சை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அடுத்தது, "பொறுப்பான அண்ணா கொழும்புக்குப் போட்டார்." பிறகு, "திறந்த போத்தலுக்குக் காசு திருப்பித் தாறேல்ல." திறக்காமல் எப்படி ஐயா அந்த சென்ட் மணம் தெரியும்? பிறகு வாசித்த அடையாளம் மட்டும் வரும், பதில் வராது. பதிவின் கீழே என் அனுபவத்தை எழுதினேன், கொஞ்ச நேரத்தில் அதை அழித்து என்னையும் தடுத்துவிட்டார்கள். வங்கியில் கேட்டால் நீங்களாகப் போட்ட காசு, பொலிசில் முறைப்பாடு போடுங்கள் என்கிறார்கள். போட்டிருக்கிறேன். 14,500 ரூபாய் வரும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

காசை விட எனக்கு எரிகிறது வேறு. உண்மையாகவே எண்ணெய் காய்ச்சி, தூள் இடித்து, பிள்ளைகளைப் படிப்பிக்கிற பெண்கள் புதுக்குடியிருப்பிலும் ஒட்டுசுட்டானிலும் மாங்குளத்திலும் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் போத்தலை நீட்டும்போது நாங்கள் சந்தேகத்தோடு பார்ப்போம். அந்தத் தாய்மாரின் பெயரைச் சொல்லித்தானே என்னிடம் 14,500 ரூபாய் பறித்தார்கள். அவர்களுடைய துக்கத்தை விற்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது:

முழுக்காசையும் முதலே போடாதீர்கள். திகதியும் விலாசமும் இல்லாத போத்தல் வேண்டவே வேண்டாம். எதையும் முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு துளி தடவி ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். தேசிக்காய்த் தோல் எண்ணெய் சேர்த்ததைப் பூசிக்கொண்டு வெயிலில் வயலுக்கு இறங்காதீர்கள், தோல் வெந்துவிடும். கற்பூரம் கலந்த எண்ணெயைக் கைக்குழந்தைக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், வலிப்பு வரை கொண்டுபோய் விடும். வீட்டில் செய்பவர்கள் இலையை நொறுங்கும் பதத்துக்கு நன்றாக உலர்த்திவிட்டு எண்ணெயில் போடுங்கள், ஈரம் துளியும் வேண்டாம். சூடாக்குவதென்றால் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை இறக்கி மெல்லச் சூடாக்குங்கள்.

ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் அழைத்துச் சொல்லுங்கள், துண்டையும் உரையாடலையும் அழிக்காதீர்கள். கோழிச் சத்தத்தோடு வந்த அதே குரல் பதிவு வேறு யாருக்காவது வந்திருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.