30 மடங்கு என்று பொய் சொல்லும் மடக்கு லென்ஸ்

ஜூன் பள்ளி விடுமுறையில் மகளுடன் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றுக்குக் காலை நடைக்குப் போகத் தொடங்கியபோது, காட்டுப்பூக்களைக் கிட்டத்தில் பார்ப்பதற்கென்று இணையத்தில் 9 வெள்ளிக்கு ஒரு மடக்கு லென்ஸ் வாங்கினேன். பெட்டியில் நிறுவனப் பெயர்கூட இல்லை. 163 மீட்டர் உயரத்தை மலை என்று சொன்னால் நீலகிரிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் கோடைக்காகக் காத்திராமல் எந்த மாதத்திலும் ஏதாவதொரு செடி பூத்திருக்கும் இடம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதில் எங்களுக்குக் குறையில்லை. அடர்காட்டில் மரங்கள் உச்சியில் பூப்பதால், கண்மட்டத்துப் பூக்களை அடிவாரத்துப் பழைய ரயில் பாதையின் ஓரங்களில்தான் தேட வேண்டும். 2011இல் ரயில் நின்றபின் நடைபாதையாக மாறிய அந்த 24 கிலோமீட்டரில் ஒரு சிறு பகுதியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

லென்ஸின் உறையில் ‘30’ என்று பொறித்திருக்கிறது. அது உண்மையன்று. 30 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸுக்குப் பொருள் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அருகில் இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். இதுவோ இரண்டரை சென்டிமீட்டரிலேயே தெளிவாகக் காட்டுவதால், இதன் திறன் 10 மடங்குதான். விற்றவர்மேல் கோபம் வந்தாலும், அவர் சொன்னது மெய்யாக இருந்திருந்தால் நான் நொந்திருப்பேன். வனப்பகுதியில் பூவைப் பறிக்கக் கூடாது என்பதால் நாம்தான் மண்டியிட்டுப் பூவிடம் போக வேண்டியிருக்கிறது. 8 மில்லிமீட்டர் நெருங்கினால் தலையின் நிழல் வெளிச்சத்தை மறைத்துவிடும். இலேசான காற்றுக்கே பூ பார்வையைவிட்டு நழுவிவிடும்.

மலாய்க்காரர்கள் செண்டுடோக் என்று அழைக்கும் செடியின் ஊதாப்பூவில்தான் இந்த லென்ஸின் அருமை தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு ஐந்து இதழ்களும் நடுவில் ஒரு குழப்பமும் மட்டுமே தெரிகின்றன. லென்ஸில் பார்த்தால், கொக்கிபோல் வளைந்த நீண்ட ஊதா மகரந்தத்தாள்கள் ஒரு வகையாகவும் குட்டையான மஞ்சள் தாள்கள் இன்னொரு வகையாகவும் பிரிந்து நிற்கின்றன. ஒவ்வொரு மகரந்தப்பையின் நுனியிலும் ஊசியால் குத்தியதுபோல் ஒரு துளை இருக்கிறது. வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும்போது அந்தத் துளை வழியாகத்தான் மகரந்தம் கொட்டுகிறது. தொட்டாற்சிணுங்கியின் இளஞ்சிவப்புப் பந்தும் தனிப்பூ அன்று, பல சிறு பூக்களின் கொத்து என்பதை மகளே கண்டுபிடித்தாள். முழங்கால் பட்டு இலைகள் மூடிக்கொண்டபோதும் பந்து அப்படியே நின்றது.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு பூவை நோக்கிக் குனிய வேண்டும். தாத்தா செய்தித்தாள் படிப்பதுபோல் கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்குப் பார்வைப்பரப்பு சற்றுக் குறுகும்.

குறைகளும் உண்டு. விளிம்பில் நீலமும் சிவப்பும் கசிகின்றன. குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிந்து சில நிமிடங்கள் ஒன்றும் தெரிவதில்லை. பையில் வைக்காமல் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால் இந்தத் தொல்லை குறைகிறது. வழவழப்பான உலோக உறை வியர்த்த கையில் நழுவுவதால் கயிறு கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டாம் வாரத்திலேயே மடக்குமிடத்துத் திருகு கழன்று புல்லில் விழுந்து தொலைந்துவிட்டது. விற்றவரிடமிருந்து பதில் வரவில்லை. எங்கள் வட்டாரத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதே அளவில் ஒரு திருகைப் போட்டுக்கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்றார்.