கம்பனிச் சம்பளமா, வெளிநாட்டு ஒப்பந்தமா? கிளையண்டை மாற்றும் முன் ஒரு வரிக் கணக்கு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலோ திருநெல்வேலியிலோ வீட்டு அறையொன்றில் இருந்தபடி மென்பொருள் எழுதும் இளைஞர்கள் வேலையை மாற்ற நினைக்கும்போது பெரும்பாலும் இரண்டு எண்களை மட்டுமே ஒப்பிடுகிறார்கள். ஒன்று 36, மற்றது 15. வெளிநாட்டில் பயன்படும் சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் கிடைத்து, வங்கி ஊடாக இலங்கைக்கு வந்துசேரும் வருமானம் 2025 மார்ச் 31 வரை வரிவிலக்குப் பெற்றிருந்தது. ஏப்ரல் 1 முதல் அதற்கு வரி உண்டு என்றாலும், வீதம் 15%ஐத் தாண்டாது. சம்பளக்காரருக்கு உச்ச வீதம் 36%. இந்த இடைவெளியைப் பார்த்தவுடனேயே பதவிவிலகல் கடிதம் எழுதத் தோன்றுவது இயல்பு. ஆனால் உச்ச வீதம் வேறு, கையிலிருந்து உண்மையில் போகும் வரி வேறு.

மாதம் 300,000 ரூபாய் சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 3,600,000. தனிநபர் நிவாரணம் 1,800,000 கழிந்தால் மீதி 1,800,000க்கே வரி. அதில் முதல் 1,000,000க்கு 6%, அடுத்த 500,000க்கு 18%, மிஞ்சிய 300,000க்கு 24% என்று கணக்கிட்டால் வருவது 222,000 ரூபாய். அதே தொகையை வெளிநாட்டுக் கிளையண்டிடம் டொலராகப் பெற்றால் முதல் 1,000,000க்கு 6%, மீதிக்கு 15% என 180,000 ரூபாய். வித்தியாசம் ஆண்டுக்கு 42,000 மட்டுமே. 36% என்ற வீதம் இவரைத் தொடவே இல்லை. மறுபக்கத்தில், முழுச் சம்பளத்துக்கும் பங்களிப்புச் செய்யும் கம்பனியாக இருந்தால், ஊழியர் சேமலாப நிதிக்கு அது செலுத்தும் 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்தும் 3% இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 540,000 ரூபாய் ஆகின்றன. சேமலாப நிதி ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும்தான் பொதுவாகக் கைக்கு வரும் என்பதால் இளம் வயதில் அது பணமாகவே தெரிவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாதம் 600,000 என்று வந்தால் படம் மாறுகிறது. சம்பளக்காரரின் ஆண்டு வரி 1,464,000, வெளிநாட்டு ஒப்பந்தக்காரரின் வரி 720,000. வித்தியாசம் 744,000. இங்கும் கம்பனியின் 15% பங்களிப்பு 1,080,000 ஆக மேலே நிற்கிறது. ஆயினும் பல கம்பனிகள் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மீதியை வேறு பெயர்களில் கொடுப்பதால், சம்பளச் சீட்டில் பங்களிப்பு எந்தத் தொகைக்குக் கணிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் இந்த ஒப்பீட்டை முடிக்க முடியாது.

இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. வேலையை விட்டுவிட்டு, அடுத்த மாதமே அதே கொழும்புக் கம்பனிக்கு ‘ஒப்பந்தக்காரர்’ என்ற பெயரில் விலைச்சீட்டு அனுப்புவது. என் பார்வையில் மூன்றிலும் மோசமானது இதுதான். பணம் ரூபாயில், உள்நாட்டிலிருந்து வருவதால் 15% வரம்பு கிடைக்காது. மாதம் 100,000க்கு மேற்பட்ட கட்டணத்தில் கம்பனி 5%ஐப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். அத்துடன் வரி முடிந்துவிட்டது என்று நினைப்போர் அதிகம். பிடித்த 5% முற்பணம் மட்டுமே. ஆண்டு முடிவில் சம்பளக்காரருக்குரிய அதே படிநிலை வீதங்கள் 36% வரை பொருந்தும். மடிக்கணினி, இணையக் கட்டணம் போன்ற செலவுகளைக் கழிக்கலாம் என்பது ஒன்றே ஆறுதல். அதே மேசை, அதே மேலாளர், அதே வேலைநேரம் என்று இருந்தால், பத்திரத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் தொழில் திணைக்களம் உண்மை உறவைத்தான் பார்க்கும். சேமலாப நிதி நிலுவைக்கு மேலதிகக் கட்டணம் 50% வரை போகக்கூடியது. அது கம்பனியின் தலையில் விழும் சுமை என்றாலும், விசாரணை வந்த பிறகு அந்த ஒப்பந்தம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

லண்டனில் ஒப்பந்த வேலை செய்யும் மச்சான்மார் தொலைபேசியில் தரும் அறிவுரை இந்த இடத்தில்தான் குழப்புகிறது. பிரித்தானியாவில் 2000 ஏப்ரலில் வந்த ஐஆர்35 விதிகளின்படி, சொந்தக் கம்பனி வழியாக வேலை செய்பவர், அந்தக் கம்பனி இடையில் இல்லாதிருந்தால் கிளையண்டின் ஊழியராகவே கருதப்பட்டிருப்பார் என்றால் ஊழியருக்குரிய வரியே பொருந்தும். அந்தத் தீர்மானத்தை எடுக்கும் பொறுப்பு 2017இல் அரச துறையிலும், 2021 ஏப்ரலில் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களிலும் கிளையண்டின் கைக்குப் போனது. ஒரே கிளையண்டிடம் நேற்றுவரை விதிக்கு ‘வெளியே’ இருந்தவர், வேலையில் எந்த மாற்றமும் இன்றி இன்று ‘உள்ளே’ போனால், நேற்றைய ஆண்டுகள் மட்டும் எப்படிச் சரியாக இருந்தன என்ற கேள்வி எழும். கவனக்குறைவு என்றால் 6 ஆண்டுகளும், வேண்டுமென்றே செய்தது என்றால் 20 ஆண்டுகளும் வரித் திணைக்களம் பின்னோக்கிப் போகலாம். ஆகவே “பழைய கிளையண்டிடம் நிற்காதே, புதியவரிடம் போ” என்று மச்சான் சொல்வது அங்கே பொருத்தமானது.

இங்கே ஆபத்து பெரும்பாலும் புதிய கிளையண்டிடம்தான் இருக்கிறது. மாதம் 600,000க்குச் சமமான டொலர் பெற்றுவந்த ஒருவருக்கு இன்னொரு வெளிநாட்டு நிறுவனம் 660,000 தருவதாக அழைப்பு அனுப்புகிறது என்று வைப்போம். 10% உயர்வு. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் கையொப்பமிடுவது அந்த நிறுவனத்தின் கொழும்புத் துணைக்கம்பனி, கொடுப்பனவு ரூபாயில். வேலை முன்புபோலவே, பயனாளரும் வெளிநாட்டில்தான். ஆனால் பணம் வரும் வழி மாறியதால் 15% வரம்பு போய்விட்டது. செலவுக் கழிவுகளைச் சேர்க்காமல் பார்த்தால், முன்பு வரி போக ஆண்டுக்கு 6,480,000 மிஞ்சியது, இப்போது 6,196,800. பழைய நிகரத் தொகையை எட்டவே மாதம் ஏறத்தாழ 697,000 கேட்டிருக்க வேண்டும். பேரம் பேசும்போது பணம் தருவது யார், எந்த நாணயத்தில், எந்த வங்கி வழியாக என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வெளிநாட்டு இணையப் பணப்பையில் பணத்தை விட்டுவைத்து அங்கேயே அட்டையால் செலவழிப்பவர்களும் கவனிக்க வேண்டும்: வங்கி ஊடாக நாட்டுக்குள் வராத தொகைக்கு 15% வரம்பை நம்பியிருக்க முடியாது.

சம்பளத்தில் ஏ.பி.ஐ.டி. (கம்பனியே பிடித்துச் செலுத்தும் வருமான வரி) மாதாமாதம் தானாகவே கழிந்துவிடும். ஒப்பந்தக்காரர் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய தவணைகளில் தானே செலுத்தி, செப்டெம்பர் 30க்குள் மீதியைத் தீர்த்து, நவம்பர் 30க்குள் ஆண்டு வருமான வரி விபரத்திரட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். ஆண்டின் நடுவில் மாறுபவருக்கு இரண்டு வகை வருமானமும் ஒரே விபரத்திரட்டில் வரும் என்பதால், கொடுத்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் பழைய கம்பனியின் டி-10 சான்றிதழ் இல்லாமல் கணக்கை மூட முடியாது. மனவருத்தத்துடன் வெளியேறிய இடத்தில் ஓராண்டு கழித்து அதைக் கேட்டுப் போவது இனிய அனுபவம் அல்ல.

வெளியேறும் நாளையும் கணக்கில் எடுக்க வேண்டும். 15 பேருக்குக் குறையாதோர் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு முடித்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சட்டப்படி உரியது. கடந்த ஆண்டு எங்கள் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியை விரித்துவைத்து என்னிடம் கணக்குக் கேட்ட தம்பி ஒருவருக்கு அப்போது 4 ஆண்டும் 8 மாதமும் ஆகியிருந்தன. அடிப்படைச் சம்பளம் 300,000. வெளிநாட்டு ஒப்பந்தத்தால் அவருக்கு மிச்சமாகும் வரி ஆண்டுக்கு 42,000, நான்கு மாதம் பொறுத்தால் வரும் பணிக்கொடை 750,000. புதிய கிளையண்டுக்கு எழுதி, தொடங்கும் திகதியைத் தள்ளிவைக்கும்படி கேட்டார். அவர்களும் சம்மதித்தார்கள்.