கறுப்பு கிரானைட்டில் சாயம்: சமையல் மேடை கட்டுவோர் கவனத்திற்கு

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் பழைய வீட்டின் அடுக்களையைச் சென்ற ஆண்டு திருத்திக் கட்டினோம். சமையல் மேடைக்கு ‘ஒரிஜினல் ஜெட் பிளாக்’ என்று எங்களுக்கு விற்கப்பட்ட கல், சாம்பல் நிறக் கல்லில் கறுப்புச் சாயம் ஏற்றியது என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. நம் பக்கத்தில் வீடு திருத்துகிற பலரும் இதே கல்லைத்தான் கேட்கிறார்கள் என்பதால், எந்தெந்த இடத்தில் ஏமாந்தோம் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

கிரானைட் என்று முடிவு செய்ததில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். பழைய மேடை கடப்பா கல். அது சுண்ணாம்புக் கல் வகை என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் பாலிஷ் அரிபட்டு வெளிறிப் போயிருந்தது. குவார்ட்ஸ் பலகை பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது கல் தூளில் ரெசின் கலந்து அழுத்திச் செய்வது, கொதிக்கும் பாத்திரத்தை நேரே வைத்தால் தழும்பு விழும். சொதிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே மேடையில் வைத்துப் பழகிய என் அம்மாவிடம், இனி மணையில்தான் வைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் மதுரை மேலூர்ப் பக்கம் எடுக்கப்படும் வெளிர் கல், எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக் கொள்ளும் என்று கொத்தனார் எச்சரித்தார். எனவே கறுப்பு என்று முடிவாயிற்று.

நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில், நிறுத்தி வைத்திருந்த பலகையைக் கடைக்காரர் ஒரு துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, “அண்ணாச்சி, உங்க பேரன் காலத்துக்கும் இந்தக் கறுப்பு அப்படியே நிக்கும்” என்றார். மேலே எரிந்த டியூப் லைட் அதில் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிந்தது. அந்தத் துணியில் எண்ணெய் இருந்ததா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பாலிஷ் பளபளப்பையே கல்லின் தரம் என்று எண்ணிவிட்டேன். சதுர அடி 240 ரூபாய். எங்கள் மேடைக்குத் தேவை 34 சதுர அடி; பலகையின் ஒழுங்கற்ற ஓரங்களையும் சேர்த்து அளந்து 46 சதுர அடிக்குப் பணம் வாங்கினார்கள். சேதாரம் வாங்குகிறவர் தலையில்தான் விழும் என்பது இந்தத் தொழிலின் வழக்கம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் துண்டுச் சீட்டில் ‘பிளாக் 46’ என்று மட்டும் எழுதிக் கொடுத்ததை ரசீது என்று வாங்கிக் கொண்டேனே, அதுதான் பெரிய தவறு. கல்லின் வகையும் இல்லை, கனமும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை.

வாயால் சொன்ன கனம் 20 மி.மீ. பதித்து முடித்த மேடையின் முன்விளிம்பு நல்ல தடிப்பாகவே தெரிந்தது. விளிம்பின் அடியில் அதே கல்லில் ஒரு பட்டை ஒட்டி நோசிங் செய்திருந்ததால் வந்த தடிப்பு அது என்பது, சிங்க் குழாய் ஒழுகியபோது பிளம்பர் அடியில் படுத்துப் பார்த்துச் சொன்ன பிறகே தெரிந்தது. துளையின் ஓரத்தில் அளந்தால் 16 மி.மீ.தான் இருந்தது.

சாயம் வெளிப்பட்டது வேறு விதமாக. சிங்குக்காக வெட்டி எடுத்த துண்டை, வீணாகப் போக வேண்டாம் என்று அம்மா கொல்லைப்புறத்தில் துவைக்கும் இடத்தருகே சோப்பு வைக்கப் போட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் கிடந்து அது சாம்பல் பூத்துவிட்டது. அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக் கழுவி, ஈரத்தோடு உள்ளே எடுத்து வந்து மேடையின் மீது வைத்தேன். ஒரே பலகையிலிருந்து வந்த இரண்டு கற்கள். ஒன்று கறுப்பு, மற்றொன்று நனைந்த நிலையிலும் புள்ளி புள்ளியான சாம்பல். உடனே நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் தொட்டு மேடையின் ஒரு மூலையில் தேய்த்தேன். துணியில் மைபோல் கறுப்பு ஏறியது. அந்த மேடையில்தான் எட்டு மாதமாகச் சப்பாத்தி தேய்த்திருக்கிறோம் என்று நினைத்தபோது என் மனைவிக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்திருக்கலாம். இயற்கையான கறுப்புக் கல்லில் துணி வெள்ளையாகவே வரும். கறுப்பு ஏறினால் அது சாயமோ எண்ணெய்ப் பூச்சோதான். வெட்டிய ஓரத்தை நனைத்துப் பாருங்கள், ஏனென்றால் சாயம் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும், உள்ளே கல்லின் சொந்த நிறம் தெரியும். சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால், உறிஞ்சும் கல்லா இல்லையா என்பது தெரிந்துவிடும். இவற்றையெல்லாம் வெட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். வெட்டிய கல்லை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. எங்களிடமும் அதையேதான் சொன்னார்கள். “நீங்க என்ன ஆசிட் போட்டீங்களோ, அண்ணாச்சி” என்பதற்கு மேல் பதில் இல்லை.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. ரசீது சரியாக இல்லாததால், பணம் அனுப்பிய ஜிபே விவரத்தையும், இரண்டு கற்களையும் சேர்த்து வைத்து எடுத்த படங்களையும் இணைத்து மனுக் கொடுத்திருக்கிறேன். சாம்பல் பூத்த அந்தத் துண்டைச் சாக்கில் சுற்றி மச்சில் வைத்திருக்கிறோம். விசாரணை முடியும் வரை அதைக் கழுவக்கூட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.