கல்லூரிக்கு முன் நுண்கணிதம்: அரசுப் பாடநூல்கள் தனியே படிக்க உதவுமா?

பொதுத் தேர்வு முடிந்து பொறியியல் வகுப்புகள் தொடங்கும் வரையுள்ள இடைவெளியில் நுண்கணிதத்தை (calculus) தாமாகவே படிக்க விரும்புவோர், தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூல்களின் இரண்டாம் தொகுதிகளை எடுத்துக்கொண்டாலே போதும் என்பது என் கருத்து. கோபிசெட்டிபாளையத்தில் என் அண்ணன் மகள் இவற்றை வைத்துப் படித்தபோது உடனிருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

தேர்ச்சி பெற்று முடித்த நூலையே மறுபடியும் எதற்குப் புரட்ட வேண்டும் என்று கேட்கலாம். நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் இக்கேள்விக்கு அதிக விளக்கம் தேவையில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் இருந்ததும், 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணமானதும் ஊரறிந்தவை. நுண்கணிதத்தின் அடிப்படையான எல்லை (limit), அதாவது ஒரு சார்பின் மதிப்பு நெருங்கிச் செல்லும் அளவு, என்றால் என்னவென்று சொல்லத் தெரியாமலே நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர்.

பதினொன்றாம் வகுப்பு நூலின் 9ஆம் அத்தியாயம் எல்லையையும் தொடர்ச்சியையும், 10ஆம் அத்தியாயம் வகையிடலையும் (ஓர் அளவு மாறும் வீதத்தைக் காண்பது) விளக்குகின்றன. இரண்டிலும் வரைபடங்கள் தாராளம், அவசரப்படாத நடை. ஆனால் 11ஆம் அத்தியாயத்தில் எனக்குக் கடுமையான மனத்தாங்கல் உண்டு. வகையிடலைத் திருப்பிச் செய்வதாகத் தொகையிடலை அறிமுகப்படுத்திவிட்டு, பிரதியிடல், பகுதித் தொகையிடல் என்று சூத்திரங்களை அடுக்கிக்கொண்டே போகிறது. சிறுசிறு துண்டுகளின் கூட்டலாகப் பரப்பை அணுகும் மையக் கருத்தைக் காண மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு நூலின் 9ஆம் அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே வகையிடலை முடித்தவுடன் அந்த 9ஆம் அத்தியாயத்தின் தொடக்கப் பகுதியைப் படித்து, வரையறுத்த தொகையை ஒரு கூட்டலின் எல்லையாகப் புரிந்துகொண்ட பிறகே சூத்திரங்களுக்குத் திரும்புவது நல்லது. எதற்காகத் தொகையிடுகிறோம் என்பது தெரிந்துவிட்டால் அந்தப் பயிற்சிகள் அவ்வளவு சலிப்பூட்டுவதில்லை.

வகையிடலின் பயன்பாடுகளைச் சொல்லும் பன்னிரண்டாம் வகுப்பு நூலின் 7ஆம் அத்தியாயம்தான் இவற்றுள் சிறந்தது. முனை கீழ்நோக்கிய, 12 மீட்டர் உயரமும் மேல்புறத்தில் 5 மீட்டர் ஆரமும் கொண்ட கூம்புத் தொட்டியில் நிமிடத்துக்கு 10 கன மீட்டர் நீர் பாய்ந்தால், ஆழம் 8 மீட்டராக இருக்கும்போது மட்டம் எவ்வளவு வேகமாக உயரும் என்ற வகைக் கணக்குகள் அதில் வருகின்றன. விடை நிமிடத்துக்கு 9/(10π) மீட்டர், அதாவது ஏறத்தாழ 29 சென்டிமீட்டர். 4 மீட்டர் ஆழத்தில் அதே வேகம் நான்கு மடங்கு என்பதையும் மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்த்தால், ஒன்றையொன்று சார்ந்து மாறும் அளவுகளின் வீதங்களை இணைக்கும் சங்கிலி விதி எதற்கு என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தனியே படிப்பவருக்குள்ள பெரிய இடையூறு, நூலின் இறுதியில் விடைகள் மட்டும் இருப்பதும் வழிமுறை இல்லாததும் ஆகும். வரையறுக்காத தொகைகளில் இது பெரிய குறையில்லை. கிடைத்த விடையை வகையிட்டால் பழைய சார்பு திரும்ப வர வேண்டும். பயன்பாட்டுக் கணக்குகளில்தான் ஆளில்லாமல் திண்டாட நேரும். அத்தியாய இறுதியிலுள்ள ஒரு மதிப்பெண் வினாக்களை, அவற்றை மனப்பாடம் செய்தே பழகியவர்கள், இம்முறை விட்டுவிடலாம்.

இரு நூல்களும் இணையத்தில் இலவசம். அச்சுப் பிரதி வேண்டுவோர் கோவை உக்கடத்திலுள்ள பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார்க்கலாம். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கல்லூரி வகுப்பில் தடுமாற்றம் குறையும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி (பாடத்திட்ட விதிகள்) முதல் பருவத்திலேயே வந்த, இரண்டு மாறிகளிலும் மூன்று மாறிகளிலும் தொகையிடும் இரட்டைத் தொகை, மும்மைத் தொகை ஆகியவை இந்நூல்களில் இல்லை. பல மாறிகளுள் ஒன்றை மட்டும் மாற்றி வகையிடும் பகுதி வகைக்கெழு மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு நூலின் 8ஆம் அத்தியாயத்தில் ஓரளவு உள்ளது. விடுமுறையில் அதுவரை வந்துவிட்டால் மீதியைக் கல்லூரியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.