திருகோணமலையில் பவர் சப்ளை செய்யக் கொடுப்பவர்கள் கவனம்: 14,500 ரூபாவும் போய், கொமடோரும் போச்சு

வயிறு எரியுது, அதோடேயே எழுதுகிறேன்.

மாமா எண்பதுகளில் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த கொமடோர் 64 என்ற பழைய ஹோம் கம்ப்யூட்டர் ஒன்று உவர்மலையில் எங்கள் வீட்டில் இருக்கிறது. போன கிழமை வரைக்கும் நன்றாக ஓடியது. அதன் ஒரிஜினல் பவர் சப்ளையைத்தான் நம்ப முடியாது. முழுக்க ரெசின் ஊற்றி அடைத்த கட்டி. சூடேறி, வோல்டேஜை ஒரே அளவில் வைத்திருக்கிற ரெகுலேட்டர் செத்தால், 5 வோல்ட் லைனில் வோல்டேஜ் ஏறி ராம் (மெமரி) சிப்புகளைத் தின்றுவிடும். அதனால்தான் புதிதாக ஒன்று செய்விக்க நினைத்தேன்.

டவுனுக்குள்ளே ரேடியோ, டிவி திருத்துகிற கடை. தேவையை எழுதியே கொடுத்தேன்: 5 வோல்ட் டீசி 2 அம்பியர், 9 வோல்ட் ஏசி 1 அம்பியர், பியூஸ், வோல்டேஜ் கூடினால் தானாக வெட்டுகிற பாதுகாப்பு. தாளை வாசித்துவிட்டு, "9 வோல்ட்டை ஏசியாவே விடவோ, டீசி ஆக்க வேண்டாமோ?" என்று அவராகவே கேட்டார். கொமடோரின் சவுண்ட் சிப்புக்கான 12 வோல்ட்டே அந்த ஏசியிலிருந்துதான் வருகிறது. விஷயம் தெரிந்த மனிசன் என்று எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. 14,500 ரூபா, முழுக்க முற்பணம். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தொகையைக் கிறுக்கித் தந்தார்.

எடுக்கப் போனபோது மீட்டரை வைத்துக் காட்டினார்: 5.02. "பாத்தீங்களோ தம்பி, கொம்பனிச் சாமான்கூட இப்பிடி நிக்காது." கரண்ட் இழுக்கிற லோட் ஒன்றும் பூட்டாமல் அளந்தால் எந்தக் குப்பையும் 5 வோல்ட் காட்டும். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

வீட்டில் போட்டு அரை மணித்தியாலம் இருக்காது. நீலத் திரையில் எழுத்தெல்லாம் சிதறி, அப்படியே கறுத்துப் போனது. பெட்டியில் கை வைக்க முடியாத சூடு. கழற்றி, பிளக்கில் 5 வோல்ட் வரவேண்டிய 5ஆம் பின்னை அளந்தேன்: 11 வோல்ட்டுக்கு மேலே! கொமடோரில் இருக்கிற 4164 ராம் சிப் 7 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பெட்டியைத் திறந்தால் ஒரு சாதாரண 7805 ரெகுலேட்டர், சூட்டை வெளியே விடுகிற ஹீட்சிங்க்கே இல்லை, பிளாஸ்டிக்கில் குளூ வைத்து ஒட்டியிருக்கிறது. பியூஸ் வரவேண்டிய இடத்தில் வயரை முறுக்கி ஈயம் வைத்திருக்கிறார்கள். வெட்டுகிற பாதுகாப்பு என்று ஒரு மண்ணும் இல்லை. இதற்கா 14,500 ரூபா?

போன் எடுத்தால், "உங்கட மெஷின் பழசு தம்பி, அது தானாச் செத்திருக்கும்." நேரே போனால், "வீட்டுக் கரண்ட் கூடிக் குறையுது போல." அந்த 7805ஐப் படமெடுத்து அனுப்பினேன், பார்த்தார், பதில் இல்லை. பிறகு போனபோது, முதலாளி கொழும்புக்குப் போட்டார் என்று கடைப் பெடியன் சொல்கிறான், முதலாளியின் மோட்டர்சைக்கிள் வாசலில் நிற்கிறது. 14,500 ரூபாவை விடுங்கள், மாமாவின் மெஷினுக்கு யார் பதில் சொல்வது?

எப்படிச் செய்விக்க வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் இருந்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. முழுக் காசை முன்னமே கொடுக்காதீர்கள். ஒழுங்கான பில் வாங்குங்கள். 5 வோல்ட் லைனில் 5 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை லோடாகப் பூட்டி ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, அதற்குப் பிறகு மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து காட்டாத சாமானை எடுக்கவே வேண்டாம்.

நாளைக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 1977க்கு அடிக்கிறேன். யாரிடமாவது கழற்றி வைத்த 4164 சிப் இருந்தால் சொல்லுங்கள், எட்டு வேணும்.