பழைய ஃபார்கோவின் டிஸ்ட்ரிபியூட்டரும் பழையபேட்டைப் பட்டறையும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில், எங்கள் வீட்டு 1951ஆம் ஆண்டு ஃபார்கோ லாரியின் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொடுத்துப் புதுப்பித்து வாங்கி ஏழு மாதம் ஆகிறது. தீப்பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறையாகப் பகிர்ந்தனுப்பும் பாகம் அது. உடனே எழுதியிருந்தால் பாராட்டாக மட்டும் முடிந்திருக்கும் என்பதால், வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தாத்தா காலத்தில் பாலக்கோட்டிலிருந்து புளியும் மாங்காயும் ஏற்றிய வண்டி இது. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ் லாரியையும் ஃபார்கோ லாரியையும் பூட்டி விற்றது. முகப்பும் பெயரும் வேறானாலும், உள்ளே இருப்பது கிரைஸ்லரின் அதே ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்தான். ஆகவே உதிரிபாகம் தேடுகிறவர்கள் கடையில் ஃபார்கோ என்று கேட்காமல் டாட்ஜ் என்று கேட்பது நல்லது. நான் இதைத் தெரிந்துகொள்ளவே இரண்டு வருடம் ஆயிற்று.

பல தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் கிருஷ்ணகிரியில் லாரி எலக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவர்கள் என் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அது அவர்கள் குற்றமன்று. டீசல் லாரியில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. இந்த ரக பெட்ரோல் லாரிகளில் பலவற்றுக்குப் பின்னாளில் பெர்கின்ஸ் டீசல் இன்ஜினை மாற்றிவிட்டார்கள். கழற்றிய பெட்ரோல் இன்ஜினோடு அதன் இக்னிஷன் சாமான்களும் எடைக்குப் போயின. மிச்சமிருக்கும் வேலை தெரிந்தவர்கள் அம்பாசடரும் பெட்ரோல் ஜீப்பும் பார்த்துப் பழகியவர்கள்தாம். பழையபேட்டைப் பட்டறைக்காரர் அப்படிப்பட்டவர். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

வண்டியின் குறை இதுதான்: ஐடிலில் தடுமாறும், ஏற்றத்தில் இழுக்காது, கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் சைலன்சரில் வெடிக்கும். பாய் கார்புரேட்டரைப் பற்றிக் கேட்கவேயில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பை, அதாவது மேல்மூடியை எடுத்துவிட்டு, தகடுகளால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால், திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பாயிண்டின் இடைவெளியை இருபது தௌவுக்கு, அதாவது 0.020 அங்குலத்துக்கு வைத்தார். பிறகு ஷாஃப்டின் தலையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் லேசாக அழுத்திக்கொண்டு, அதே இடத்தில் இருபத்தாறு தௌ தகட்டை நுழைத்துக் காட்டினார். "பாயிண்ட்ட மாத்தி என்ன சார் புண்ணியம், ஷாஃப்ட்டே ஆடுதே" என்றார். ஷாஃப்டோடு சுழன்று பாயிண்டைத் திறக்கும் கேமின் ஆறு மூலைகளிலும் தனித்தனியாக அளந்து ஒரு சிகரெட் அட்டையில் எழுதியபோது, குறைந்தது பதினாறு, கூடியது இருபத்துநான்கு என்று வந்தது. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், குறைந்தால் தாமதமாகத் திறக்கும். ஆகையால் ஆறு சிலிண்டரும் ஆறு விதமான டைமிங்கில் வேலை செய்துகொண்டிருந்தன. நான் அதுவரை வாங்கிப் போட்ட மூன்று செட் பாயிண்டுகளின் விலையை அந்த அட்டையைப் பார்த்தபடியே மனத்துக்குள் கூட்டிக்கொண்டேன்.

ஷாஃப்டைத் தாங்கும் தேய்ந்த புஷ்களைத் தட்டி எடுத்துவிட்டு, அருகிலிருந்த லேத்தில் கன்மெட்டலில் புதிதாகக் கடைந்து, உள்ளே எண்ணெய்க்கு ஒரு காடி வெட்டி, இரண்டு புஷ்ஷையும் ஒரே ரீமரால் ஒரே நேர்கோட்டில் சரிசெய்தார்கள். பக்கவாட்டில் இருக்கும் ஆயில் கப் பல வருட அழுக்கில் கல்லாக இறுகியிருந்தது. புஷ் தேய்ந்ததற்கு அதுவே காரணம். வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே விழவைக்கும் அட்வான்ஸ் எடைகளின் இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று மெலிதாகவும் மற்றது தடிப்பாகவும் இருக்க வேண்டியதை, முன்பு எவரோ ஒரே மாதிரியாக இரண்டைப் போட்டிருந்ததையும் கண்டுபிடித்தார். பாயிண்ட் அமர்ந்திருக்கும் பிளேட்டுக்குப் போகும் எர்த் வயருக்குச் சாதாரண வயரைப் போடாமல், மயிரிழைகளாகப் பின்னிய வயரைத் தேடிப்பிடித்துப் போட்டார். இன்ஜினின் வேக்கம் (காற்றுறிஞ்சல்) இழுக்கும்போதெல்லாம் அந்தப் பிளேட் அசைவதால், கெட்டி வயராக இருந்தால் சில மாதங்களில் உள்ளுக்குள்ளேயே அறுந்து, வெளியே முழுதாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

கேப் விஷயத்தில் அவரால் உதவ முடியவில்லை. பழைய பேக்லைட் கேப்பில் இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கோடு இழுத்தாற்போல் கார்பன் தடம் விழுந்திருந்தது. சுரண்டி அரால்டைட் பூசித் தரச் சொன்னேன், மறுத்துவிட்டார். மறுத்ததற்காகவே இந்தப் பட்டறையை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. பெங்களூரில் ஒரு கடையில், ஆறு சிலிண்டர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி என் தலையில் கட்டிய, ராணுவ ஜீப்பான ஜோங்காவின் கேப் இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஜபல்பூரில் செய்யப்பட்ட ஜோங்காவில் இருப்பது நிசான் இன்ஜின். அதன் கேப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில் அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மூலம் ஆட்டோலைட் வகைக் கேப்பும் அதற்குள் சுழலும் ரோட்டாரும் வரவழைத்தேன். அங்கே இவை இன்றும் கிடைக்கின்றன. வாங்குமுன் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் அறைந்திருக்கும் தகட்டு எண்ணைப் படித்துக்கொள்ள வேண்டும்.

காயிலிலும் இரண்டு தவறுகள் வெளிப்பட்டன. வண்டி 6 வோல்ட். போட்டிருந்த காயிலோ 12 வோல்ட். அதன் பிரைமரி சுற்றின் மின்தடை ஏறக்குறைய 3 ஓம் என்பதால், 6 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான் ஓடும். தீப்பொறி சோகையாகத்தான் இருக்கும். வெளியே ரெசிஸ்டர் வைத்து ஓட்டுவதற்காகச் செய்த 1.5 ஓம் காயிலை, ரெசிஸ்டர் இல்லாமல் பாய் பூட்டினார்; 6 வோல்ட்டுக்கு அது பொருந்திவிட்டது. மற்றொன்று, இந்த வண்டியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்கு எர்த். ஆகவே காயிலின் மைனஸ் முனை சுவிட்சுக்கும், பிளஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கும் போக வேண்டும். இது தலைகீழாக இருந்தாலும் இன்ஜின் ஓடும். ஆனால் பிளக்குக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படுவதால் பாரம் ஏறும்போது பொறி தவறும்.

இனி என் மனக்குறை. பாயிண்ட் கருகாமல் காக்க அவர் போட்டுக் கொடுத்த புதுக் கண்டென்சர் நூறு கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. காவேரிப்பட்டணம் தாண்டியதும் வண்டி நின்றது. கேப்பைத் திறந்தால், பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடுமாக உலோகம் கருகிப் போயிருந்தது. திரும்பக் கொண்டுபோனபோது காசு வாங்காமல் மாற்றினார் என்பது உண்மை. ஆனால் புஷ்ஷை அத்தனை நுணுக்கமாக அளந்தவர், கண்டென்சரை மட்டும் சோதிக்காமல் டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே பூட்டியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மின்காப்பைச் சோதிக்கும் மெகரில் ஒரு நிமிடம் வைத்திருந்தால் கசிவு தெரிந்திருக்கும். இரண்டாவது கண்டென்சர் இன்றுவரை ஓடுகிறது. ஒன்றை உபரியாகச் சோதித்து வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

நான்கு நாள் என்று சொன்ன வேலை பதினொரு நாள் ஆயிற்று. லேத் வேலையும் காயிலும் சேர்த்து 4,800 ரூபாய் கொடுத்தேன். கேப்பும் ரோட்டாரும் தனிச்செலவு. ரசீது கேட்டால் வெள்ளைத் தாளில் எழுதித் தருகிறார். வேலைக்கு இந்தக் கூலி அதிகமில்லை என்றே சொல்வேன்.

பூட்டும் நாளில் வண்டியைப் பட்டறைக்கே கொண்டுவரச் சொல்கிறார். கட்டியிழுத்துக்கொண்டாவது போய்விடுவது நல்லது. இந்த இன்ஜினில் ஆறாவது சிலிண்டருக்கு மேலே ஹெட்டில் ஒரு சிறு பிளக் இருக்கிறது. அதைக் கழற்றி, உள்ளே ஒரு கம்பியை விட்டு, பிஸ்டன் மேலே வந்து நிற்பதைக் கம்பியின் எழுச்சியால் கண்டுபிடித்தார். முதல் பிஸ்டனும் ஆறாவதும் சேர்ந்தே மேலே வருவதால், ரோட்டார் முதல் சிலிண்டரின் வயரைப் பார்த்து நின்றது. பாயிண்ட் திறக்கும் கணத்தை ஒரு 6 வோல்ட் பல்பை வைத்துப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கினார். டைமிங் பார்க்கும் ஸ்ட்ரோப் லைட் எதுவும் அவரிடம் இல்லை. இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. இப்போது பாலக்கோடு வரை இரண்டு டன் கேழ்வரகோடு ராயக்கோட்டைப் பக்கத்து ஏற்றங்களிலும் கியரைக் குறைக்காமலே பல இடங்களில் போகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டறை கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் ஆறு வயர்களிலும் எண் எழுதி ஒட்டிக்கொண்டு போங்கள். சிலிண்டர்களில் பொறி விழும் வரிசையான ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4, ரோட்டாரின் சுழற்சி வலச்சுற்று என்பது பாய்க்குத் தெரியும். ஆனால் அன்று வயர்களைக் குழப்பிக்கொண்டு போன எனக்கு, அதை நானே வரிசைப்படுத்தும்வரை அவர் டீ மட்டும்தான் வாங்கிக் கொடுத்தார்.