பழைய நிக்கான் வாங்கும் முன் எக்ஸிஃப்டூல்

கல்யாணப் படம் எடுக்க இன்னொரு கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) தேடும் பசங்களுக்கு இன்றும் நான் சொல்வது நிக்கான் டி750தான். 2014-ல் வந்த மாடல் என்றாலும் மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் நம்பி எடுக்கலாம். இப்போது கிடைப்பதெல்லாம் செகண்ட் ஹேண்ட். விற்கிறவர் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "அதிகமா எடுக்கல அண்ணே, வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான்." அது உண்மையா என்று பார்க்க நான் நம்பியிருப்பது எக்ஸிஃப்டூல். ஃபில் ஹார்வி என்பவர் எழுதி, இலவசமாகவே தரும் மென்பொருள்.

நிக்கான் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஷட்டர் (படம் எடுக்கும்போது திறந்து மூடும் திரை) அதுவரை எத்தனை முறை அடித்தது என்பதை எழுதிவைக்கிறது. கேமரா மெனுவில் அந்த எண் தெரியாது. எக்ஸிஃப்டூல் அதைப் படித்துச் சொல்லிவிடும். விண்டோஸில் கமாண்ட் எதுவும் தட்டத் தேவையில்லை. டவுன்லோட் செய்த ஜிப் ஃபைலைப் பிரித்து, படத்தை இழுத்து அந்த எக்ஸ்இ ஃபைல் மேல் போட்டால் கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடும். அதில் 'ஷட்டர் கவுண்ட்' என்ற வரியைத் தேடுங்கள். புது வெர்ஷன்களில் எக்ஸ்இ-யுடன் ஒரு ஃபோல்டரும் வரும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காவிட்டால் ஓடாது. அத்தனை வரிகளுக்குள் ஒன்றைத் தேடுவது புதியவர்களுக்குச் சிரமம். இந்த மென்பொருளில் எனக்குள்ள ஒரே குறை அதுதான்.

படம் கேமராவிலிருந்து நேராக வந்த ஜேபெக் அல்லது ரா (RAW, கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ஃபைல்) ஆக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதில் இந்தத் தகவல் இருக்காது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதே திரையில் சீரியல் நம்பரும் தேதியும் வரும். பாடியில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். என்னோடு வேலை பார்க்கும் தம்பிக்கு ஒருவர் ஷட்டர் கவுண்ட் 22,000 என்று காட்டும் படம் ஒன்றை அனுப்பினார். அதிலிருந்த சீரியல் வேறு கேமராவுடையது. பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டோம். ஃபைல் பெயரில் 3120 என்று இருப்பதைக் காட்டி "மூவாயிரம்தான்" என்பார்கள். அது 9999 தாண்டினால் மறுபடி 0001-லிருந்து ஓடும், கணக்கில் சேர்க்காதீர்கள்.

டி750 ஷட்டருக்கு நிக்கான் சொன்ன கணக்கு 1,50,000. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 50 கல்யாணம். முழுநேரத் தொழிலில் இருப்பவருக்கு அது இரண்டு மூன்று சீசன்தான். அந்த எண்ணைத் தொட்டதும் ஷட்டர் நின்றுவிடாது; அதற்கு முன்பே போனதும் உண்டு. 60,000-க்குள் இருந்தால் விலை பேசுவேன். லட்சத்தைத் தாண்டியிருந்தால் ஷட்டர் மாற்றும் செலவையும் கழித்துத்தான் கேட்பேன்.

இந்த எண் ஷட்டரின் வயதை மட்டும்தான் சொல்கிறது என்பதை மறக்க வேண்டாம். வீடியோவுக்கே ஓடிய பாடியில் எண் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் மணிக்கணக்கில் ரெக்கார்ட் செய்தாலும் ஷட்டர் அதற்கேற்ப அடிப்பதில்லை. அதனால் ஹாட்ஷூவில் (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்) பெயின்ட் தேய்ந்திருக்கிறதா, கிரிப் ரப்பர் தளர்ந்திருக்கிறதா, டிரைபாட் ஓட்டையைச் சுற்றி எவ்வளவு கீறல் என்று கட்டாயம் பாருங்கள். லென்ஸ் துவாரத்தை எஃப்16 அளவுக்குச் சுருக்கி வைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சார் அழுக்கு தெரியும். ஷட்டர் வேகம் 1/4000 நொடியில் சில படங்கள் எடுத்து ஓரத்தில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். டி750-ல் ஒரு பகுதி கேமராக்களின் ஷட்டரில் இந்தக் கோளாறு இருந்ததால் 2015-ல் நிக்கானே இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது. சர்வீஸ் பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

பென்டாக்ஸுக்கும் இது வேலை செய்யும். சோனியில் சில ஆல்பா மாடல்களுக்கு மட்டும். கேனான் வைத்திருப்பவர்கள்தான் பாவம். கேனானின் பெரும்பாலான இஓஎஸ் வரிசை மாடல்கள் படத்துக்குள் எண்ணை எழுதுவதில்லை. கேமராவை யுஎஸ்பி கேபிளில் இணைத்து வேறு மென்பொருளால்தான் எடுக்க வேண்டும். அதனால் கேனான் பார்க்கப் போகும்போது லேப்டாப்பும் கேபிளும் இல்லாமல் கிளம்பாதீர்கள். நிக்கானுக்குக் கேபிள் வேண்டாம், லேப்டாப்போடு ஒரு மெமரி கார்டு போதும்: விற்பவர் முன்னாலேயே உங்கள் கார்டில் ஒரு படம் எடுத்து, பணம் கொடுக்கும் முன் எக்ஸிஃப்டூலில் போட்டுப் பாருங்கள்.